‘ஏற்கனவே தெரிந்ததுதான்’ என்று எதைச் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் புற்றுநோய் மருந்துகளின் விலை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் நடுவில் ஒரு வரி: கிளிவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்து பழைய மருந்து, ஏற்கனவே எல்லாருக்கும் தெரிந்த மருந்து, அதனால்தான் உச்ச நீதிமன்றம் 2013இல் அதற்குக் காப்புரிமை தரவில்லை என்று. இதே வரியைப் பத்து வருடமாக வெவ்வேறு இடங்களில் படித்துவிட்டேன். முக்கால்வாசி சரி. அந்த மீதிக் கால்வாசிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சென்னைக்கு வெளியே ஒரு மருந்து மூலப்பொருள் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தேன். முதலில் தரப் பரிசோதனை லேப், கடைசி எட்டு வருடம் பேட்டன்ட், அதாவது காப்புரிமைப் பிரிவு. பிரிவு என்றால் நான்கு நாற்காலி, ஒரு பிரிண்டர். எங்கள் வேலை, யாரோ ஒருவர் வாங்கியிருக்கும் அல்லது கேட்டிருக்கும் காப்புரிமைக்கு முன்னாலேயே அதே பொருள் எங்காவது அச்சாகியிருக்கிறதா என்று தேடுவது. பிரையர் ஆர்ட் தேடுவது என்று சொல்வோம். வீட்டில் இதை விளக்கிச் சொல்லி ஓய்ந்துபோய், ‘பழைய பேப்பர் பார்க்கும் வேலை’ என்று சொல்லிவிடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அண்ணன் 2007இலிருந்து இமாடினிப் சாப்பிடுகிறார், கிளிவெக்கில் இருக்கும் அதே மருந்து. காலைச் சாப்பாட்டோடு 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர். மாத்திரையை உடைக்காமல் விழுங்கிவிட்டு, தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்த பிறகுதான் பேப்பரை எடுப்பார். கிளிவெக் மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய் விற்ற காலத்தில், இந்தியக் கம்பெனிகளின் அதே மாத்திரை 8,000, 10,000க்குக் கிடைத்தது. அந்த வித்தியாசத்தில்தான் எங்கள் அண்ணன் இன்றும் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே தீர்ப்பில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தீர்ப்புக்குச் சொல்லப்படும் காரணத்தில்தான் குறை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிளிவெக் வழக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பொருள்கள் இருக்கின்றன. முதலாவது இமாடினிப் என்ற மூலக்கூறு. இரண்டாவது, அதை மீத்தேன் சல்ஃபோனிக் அமிலத்தோடு சேர்த்துக் கிடைக்கும் உப்பு. இமாடினிப் மெசிலேட் என்பது அதுதான். மூன்றாவது, அந்த உப்பு எடுக்கும் ஒரு குறிப்பிட்ட படிக வடிவம், பீட்டா வடிவம். கிளிவெக்கைத் தயாரிக்கும் நோவார்டிஸ் கம்பெனி 1998 ஜூலை 17 அன்று சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பம் இந்த மூன்றாவதற்கு. எண் 1602/எம்.ஏ.எஸ்./98. அந்த எம்.ஏ.எஸ். என்பது மெட்ராஸ். உலகமே பேசிய வழக்கின் முதல் காகிதம் நம்மூரில்தான் முத்திரை வாங்கியது.

படிக வடிவம் என்றால் என்ன என்று பலருக்குக் குழப்பம். என் அம்மாவுக்கு உடன்குடிப் பக்கம். அங்கே பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கி, பானையில் நூல் தொங்கவிட்டு வைத்தால், நூலைப் பிடித்துக்கொண்டு பனங்கற்கண்டு கட்டும். பதம் தப்பினால் பாகு பாகாகவே கிடக்கும், இல்லாவிட்டால் பொடிப் பொடியாக இறுகும். உள்ளே இருப்பது அதே சர்க்கரைதான். மருந்து மூலக்கூறுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: ஒரே மூலக்கூறு இரண்டு மூன்று விதமாக அடுக்கிக்கொண்டு, வெவ்வேறு படிகமாகவே வரும். உருகும் வெப்பநிலைகூட மாறும். இமாடினிப் மெசிலேட்டின் ஆல்ஃபா வடிவம் 226 டிகிரியில் உருகுகிறது, பீட்டா 217இல். ஆல்ஃபா ஊசி ஊசியாக இருக்கும், காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பீட்டா அப்படி இழுக்காது. மாத்திரை போடும் மெஷினில் அடைக்காமல் ஓடும். 140 டிகிரிக்குக் கீழே அதுதான் நிலையான வடிவம். மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும் பவுடரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அவர்களிடம் இதைச் சும்மா சில்லறைச் சமாச்சாரம் என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.

இனி கேள்வி: 1998க்கு முன்பு இதில் எது எது அச்சில் இருந்தது? மூலக்கூறும் அதன் உப்புகளும் கண்டுபிடித்தவர் பெயரால் ஜிம்மர்மன் பேட்டன்ட் என்று சொல்லப்படும் அமெரிக்கக் காப்புரிமையில் இருந்தன. அது 1996 மே மாதம் வழங்கப்பட்டது. அதே வருடம் இந்த மூலக்கூறு புற்றணுக்களை எப்படி அடக்குகிறது என்பதைப் பற்றி இரண்டு பெரிய அறிவியல் இதழ்களில் கட்டுரைகள் வந்தன. அந்த மூலக்கூறுக்கு இந்தியாவில் அப்போது காப்புரிமை கேட்கவே வழியில்லை. 1970ஆம் வருடச் சட்டத்தில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான். 1995க்குப் பிறகு வந்த மருந்து விண்ணப்பங்களைப் பெட்டியில் போட்டு வைத்து, 2005இல் சட்டம் மாறிய பிறகுதான் திறந்தார்கள். அதனால் கம்பெனியின் கையில் இங்கே மிஞ்சியது பீட்டா படிகம் ஒன்றுதான்.

எதிர்மனுக்கள் வந்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, ஜிம்மர்மன் பேட்டன்டிலேயே இது வெளிப்பட்டுவிட்டது என்பது. அந்தக் காரணம் மேல்முறையீட்டில் நிற்கவில்லை என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. தேனாம்பேட்டையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2009 ஜூன் மாதம், படிகம் புதியது, அதில் கண்டுபிடிப்புத் திறனும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டுவிட்டு, சட்டத்தின் 3(டி) பிரிவைக் காட்டிக் கதவைச் சாத்தியது. அந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்றால், தெரிந்த ஒரு பொருளின் உப்பு, படிக வடிவம், உடம்புக்குள் மாறி உண்டாகும் வளர்சிதைப் பொருள், துகள் அளவு மாற்றம் இவையெல்லாம் அதே பொருள்தான். பலனில் கணிசமான முன்னேற்றம் காட்டினால் ஒழியத் தனிக் காப்புரிமை கிடையாது. அதாவது, ‘புதிதாகவே இருக்கட்டும், அதனால் நோயாளிக்கு என்ன?’ என்று கேட்கும் பிரிவு.

உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று என்ன செய்தது? இமாடினிப் மெசிலேட் என்ற உப்பு, ஜிம்மர்மன் பேட்டன்டிலிருந்தே தெரிந்த பொருள் என்று தீர்மானித்தது. இது கம்பெனிக்கு விழுந்த பலமான அடி. கம்பெனியின் வாதம் இப்படி: ஜிம்மர்மன் ஆவணம் உப்புகளை எல்லைக்குள் அடக்கி வேலி போட்டிருக்கிறது, அவ்வளவுதான், மெசிலேட்டை எடுத்துக் காட்டவில்லை, வேலி போடுவது வேறு, வெளிப்படுத்துவது வேறு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நானே சில விவகாரங்களில் இந்த வாதத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவர்கள் வாயே அவர்களுக்கு எதிரியானது. 2001இல் அமெரிக்காவில் கிளிவெக் மருந்துக்கு விற்பனை அனுமதி கேட்டபோது, இதற்குரிய காப்புரிமை என்று ஜிம்மர்மன் பேட்டன்டைத்தான் காட்டினார்கள். அதன் காலத்தை நீட்டித் தரச் சொன்னபோதும் இந்த மருந்தைத்தான் காட்டினார்கள். 2004இல் பிரிட்டனில் இந்தியாவின் நாட்கோ கம்பெனி வீனாட் என்ற பெயரில் மெசிலேட் கேப்சூலை விற்றபோது, அந்த மெசிலேட் ஜிம்மர்மன் பேட்டன்டுக்குள் வருகிறது என்று வக்கீல் நோட்டீஸ் விட்டார்கள். அங்கே போய் ‘இது எங்கள் பழைய பத்திரத்தில் இருக்கிறது’ என்று சொத்தைப் பிடித்துக்கொண்டு, இங்கே வந்து ‘அந்தப் பத்திரத்தில் இது இல்லையே’ என்றால் எந்த நீதிபதி கேட்பார்? தீர்ப்பில் நான் ரசித்துப் படித்த பகுதி இதுதான்.

ஆனால் கவனியுங்கள், அப்படிப் பழையது என்று நிரூபணமானது உப்பு. கேட்டது படிகத்துக்கு. ஜிம்மர்மன் ஆவணத்தில் பீட்டா படிகத்தை இதோ இந்தப் பக்கத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள் என்று தீர்ப்பில் யாரும் விரலை வைக்கவில்லை. சட்டம் தெரிந்த வாசகர் ஒருவர் உடனே சொல்வார்: கடைசியில் படிகம் இரண்டு சோதனைகளிலும் தோற்றது என்றுதானே எழுதியிருக்கிறது, கண்டுபிடிப்பு என்ற சோதனையிலும், 3(டி)யிலும்? உண்மைதான், எழுதியிருக்கிறது. நானும் அந்த வரியைப் பலமுறை படித்திருக்கிறேன். முடிவு வரியை விட்டுவிட்டு, படிகத்தைப் பற்றிய வாதம் எந்தப் பக்கங்களில் ஓடுகிறது என்று பாருங்கள். அது 3(டி)யில்தான் ஓடுகிறது. எலிகளில் பீட்டா படிகம் முப்பது சதவீதம் கூடுதலாக உடம்பில் சேர்ந்தது என்று கம்பெனி காட்டியது. எதோடு ஒப்பிட்டு? உப்பாக்காத வெறும் மூலக்கூறோடு. தெரிந்த பொருள் மெசிலேட்டாக இருக்கும்போது, மெசிலேட்டோடு அல்லவா ஒப்பிட வேண்டும்? அதோடு, பலன் என்றால் மருந்தின் சிகிச்சைப் பலன். மெஷினில் நன்றாக ஓடுவதும் ஈரம் இழுக்காததும் கணக்கில் வராது. படிகம் விழுந்தது இந்த இடத்தில். இதே படிகத்துக்கு அமெரிக்காவில், பரிசோதகர் முதலில் மறுத்து, அங்கே மேல்முறையீட்டில் அதை மாற்றி, 2005 மே மாதம் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். அந்த நாட்டில் 3(டி) இல்லை.

இதை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், எங்கள் லேபில் நடந்த ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வயிறு சம்பந்தப்பட்ட ஒரு மருந்தின் புதிய படிக வடிவத்துக்கு உரிமை வாங்கியிருந்தது. நாங்கள் தேடிப் பிடித்த பழைய பேட்டன்டில் அதே மருந்தைச் செய்யும் செய்முறை ஒன்று இருந்தது: இன்ன கரைப்பானில் கரை, சூடாக்கு, வடிகட்டு, ஆறவிடு, படிகத்தை எடு. எந்த வடிவம் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்தக் காலத்தில் யாரும் எழுத மாட்டார்கள். எங்கள் மேலாளர் குதித்துக்கொண்டு வந்தார். ‘அதே செய்முறையைச் செய்யுங்கம்மா. புது வடிவம் வந்துதுன்னா முடிஞ்சுது கதை. எழுதலேன்னா என்ன, அவன் செஞ்சது அதுதானே!’ சட்டப்படி அவர் சொன்னது சரி. பழைய ஆவணம் சொன்னபடி செய்தால் எப்போதும், தப்பாமல், அந்தப் பொருள்தான் வரும் என்றால், அதைப் பேர் சொல்லாவிட்டாலும் அந்த ஆவணம் வெளிப்படுத்திவிட்டது என்றுதான் அர்த்தம்.

செய்தோம். கண்ணாடிக் குடுவையில் கரைசல் ஆற ஆற, முதலில் ஒன்றும் இருக்காது, தெளிந்த தண்ணீர் மாதிரி நிற்கும். பிறகு திடீரென்று அடியில் ஒரு மூலையில் புகைமூட்டம் போல ஒரு வெண்மை எழும்பி, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே வரை பரவும். மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் புது வடிவம். சூடாக்கிக்கொண்டே போய் எங்கே உருகுகிறது என்று காட்டும் டி.எஸ்.சி. வரைபடத்தில் உருகும் இடம் அச்சு அசலாகப் பொருந்தியது. எக்ஸ்-கதிரை விட்டுப் படிகத்தின் அடுக்கைப் பார்க்கும் எக்ஸ்.ஆர்.டி. கருவி எங்களிடம் கிடையாது, வெளியே கொடுத்து நான்கு நாள் காத்திருந்து வாங்கினோம். அதுவும் பொருந்தியது. மேலாளர் எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் லேப் அட்டெண்டர், எட்டாவது வரை படித்தவர், டப்பாவிலிருந்து லட்டை எடுத்துக்கொண்டே கேட்டார்: ‘மேடம், இந்தப் பவுடரைத்தானே ஒரு வருஷமா இதே ரூம்ல பண்ணிட்டிருக்கோம்?’

எனக்கு லட்டு இறங்கவில்லை. ஒரு வருடமாக அந்த அறையில் புது வடிவத்தைக் கிலோக்கணக்கில் உலர்த்தி, சலித்து, எடை போட்டுக்கொண்டிருந்தோம். தராசில், அலமாரியில், ஃபேன் இறக்கையில், எங்கள் கோட்டுப் பையில் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத தூசி. ஆறும் கரைசலில் அதில் ஒரு துணுக்கு விழுந்தால் போதும், உடன்குடிப் பானையில் தொங்கும் நூல் மாதிரி, அதைப் பார்த்து மொத்தமும் அதே வடிவத்தில் கட்டிவிடும். நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு கல்லூரி லேபில், அந்த மருந்தே நுழைந்திராத அறையில், புதிய குடுவை வாங்கி, எங்கள் கோட்டையெல்லாம் வெளியே கழற்றி வைத்துவிட்டுச் செய்தோம். வந்தது வேறு வடிவம். பழையது. மறுநாள் மறுபடி செய்தோம், அதேதான். மேலாளர் எங்களோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை, ஏதோ நாங்கள் படிகத்துக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது போல.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. வயிற்றுப் புண்ணுக்குச் சாப்பிட்ட ரானிடிடினை உங்கள் வாசகர்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். கிளாக்சோ கம்பெனியின் பழைய பேட்டன்டில் 32ஆவது உதாரணம் என்று ஒரு செய்முறை. பிறகு அதே கம்பெனி இரண்டாம் வடிவம் என்ற படிகத்துக்குத் தனியாக உரிமை வாங்கியது. நோவோஃபார்ம் என்ற கம்பெனி அமெரிக்காவில் வழக்காடியது: 32ஆவது உதாரணத்தைச் செய்தாலே இரண்டாம் வடிவம்தான் வருகிறது, அதனால் அது பழையது என்று. அவர்களுடைய நிபுணர்கள் பதின்மூன்று தடவை செய்தார்கள், பதின்மூன்று தடவையும் இரண்டாம் வடிவம். கிளாக்சோ பக்கத்திலோ, அதே உதாரணத்தைச் செய்து முதல் வடிவம் வந்த சான்றுகள். செய்முறை இரண்டில் எதையும் தரலாம் என்று நீதிமன்றம் கண்டது. தரலாம் என்பது போதாது, தந்தே தீரும் என்று காட்ட வேண்டும். 1995இல் மேல்முறையீட்டிலும் நோவோஃபார்ம் தோற்றது. பதின்மூன்று என்ற எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த லட்டு டப்பாதான் கண்ணில் வரும்.

மறுபக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் அநியாயம். எழுதப்படாததும் சில சமயம் வெளிப்பட்டதாகவே ஆகும். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரைக்கு 1972இல் பிரிட்டனில் உரிமை வாங்கினார்கள். அது 1992இல் முடிந்துவிட்டது. இதற்கிடையில் அந்த மாத்திரையை விழுங்கியதும் கல்லீரல் அதை ஒரு அமிலமாக மாற்றுகிறது என்று கண்டுபிடித்து, அந்த அமிலத்துக்குத் தனி உரிமை வாங்கி வைத்திருந்தார்கள். அதை வைத்து, மாத்திரையை விற்கும் மற்றக் கம்பெனிகளைத் தடுக்கப் பார்த்தார்கள். ஏனென்றால் சாப்பிடுகிறவர் உடம்பில் எல்லாம் அமிலம் உண்டாகிறதல்லவா! 1995இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. மாத்திரையைச் சாப்பிடு என்று சொன்ன பழைய ஆவணம், அதைச் சாப்பிட்டால் என்ன உண்டாகுமோ அதையும் மக்கள் கையில் கொடுத்துவிட்டது என்றது. கல்லீரல் எங்கும் தப்பாமல் அதைச் செய்கிறது. குடுவைதான் முன்னேபின்னே செய்யும்.

டைட்டானியம் கதை இன்னும் சுவாரசியம். 1970இல் ரஷ்ய மொழியில் ஒரு ஆய்வுக் கட்டுரை, டைட்டானியம் கலவைகளைப் பற்றி. விகிதங்களை எழுத்தில் எழுதவில்லை, வரைபடத்தில் புள்ளி வைத்திருந்தார்கள். பிறகு ஒரு அமெரிக்கக் கம்பெனி 0.6 முதல் 0.9 சதவீதம் நிக்கல், 0.2 முதல் 0.4 சதவீதம் மாலிப்டினம் சேர்த்த டைட்டானியத்துக்கு உரிமை கேட்டது. சூடான உப்புநீரிலும் அது அரிக்காது என்பது அவர்கள் கண்டது. ரஷ்யக் கட்டுரையில் அரிமானத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் அந்த வரைபடத்தில் ஒரு புள்ளி 0.75 நிக்கல், 0.25 மாலிப்டினம் இருக்கும் இடத்தில் விழுந்திருந்தது. ஒரே ஒரு புள்ளி. 1985இல் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது: கலவை பழையது, அதன் நல்ல குணம் ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்ததால் கலவை புதியதாகிவிடாது. எங்கள் அறையில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லும் கதை இது. வரைபடத்தைப் புரட்டித் தள்ளிவிட்டுப் போகாதே என்பதற்காக.

எதற்கு இதெல்லாம் என்று கேட்பீர்கள். நம் நாட்டில் காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பு யார் வேண்டுமானாலும் எதிர்மனு கொடுக்கலாம். நோயாளிகள் அமைப்புகள் கொடுக்கின்றன, நல்ல விஷயம். ஓய்வு பெற்ற பிறகு அப்படிச் சிலருக்குக் கூடமாட உதவி செய்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் உங்கள் கட்டுரையில் இருந்த அந்த வரியோடுதான் வருகிறார்கள். ‘கிளிவெக் மாதிரி இதுவும் பழசுதான் ஆன்ட்டி.’ ஒரு கட்டுக் கட்டுரையைக் கொண்டு வந்து மேசையில் போடுவார்கள். ஒன்றில் மூலக்கூறு இருக்கும், ஒன்றில் உப்பு, ஒன்றில் படிகம் செய்யும் பொதுவான முறை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். புதியதா என்ற கேள்விக்கு அப்படிச் சேர்க்க முடியாது. கேட்டிருக்கும் பொருளின் ஒவ்வொரு அம்சமும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும். மூன்று பேரின் கொல்லையில் இருக்கும் செங்கல்லைக் காட்டி, இங்கே ஏற்கனவே ஒரு வீடு இருந்தது என்று சொல்ல முடியுமா? அந்தச் செங்கல்லை வைத்து இந்த வீட்டை யாரும் கட்டியிருக்கலாமே என்று வேண்டுமானால் வாதாடலாம். அது வேறு கேள்வி, வேறு தலைப்பு, வேறு சான்று. இரண்டையும் குழப்பி எழுதிய எதிர்மனுவை எதிர்த்தரப்பு வக்கீல் காபி ஆறுவதற்குள் கிழித்துவிடுவார்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் உண்டு. வெளிநாடுகளோடு வணிக ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் மருந்துக் காப்புரிமை விதிகள் மேசைக்கு வந்துவிடுகின்றன. 3(டி) பிரிவு இருப்பது பெரிய மருந்துக் கம்பெனிகளுக்குப் பிடிக்காது என்பது ரகசியம் இல்லை. அதை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நோவார்டிஸே சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 2007 ஆகஸ்ட்டில் தோற்றது. கிளிவெக் பழைய மருந்து, அதனால் தோற்றது என்றே நாம் எழுதிக்கொண்டிருந்தால், 3(டி) என்ற ஒன்று எதற்கு இருக்கிறது என்று யாருக்குத் தெரியப்போகிறது? பழைய மருந்துக்கு எந்த நாடும்தான் காப்புரிமை தராதே, தனிப் பிரிவு எதற்கு என்று யாராவது கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. என் அண்ணனின் மாத்திரையைக் காப்பாற்றியதில் அந்தச் சின்னப் பிரிவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பேர் வேறு ஒன்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே, இடம் இருந்தால், அடுத்த ஞாயிறு ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். நானே எழுதித் தந்துவிடுகிறேன்: ‘கிளிவெக்கில் உள்ள உப்பு ஏற்கனவே தெரிந்த பொருள், கம்பெனி உரிமை கேட்ட படிக வடிவம், தெரிந்த அந்த உப்பைவிடச் சிகிச்சையில் மேலானது என்று காட்டப்படாததால், 3(டி) பிரிவின்கீழ் மறுக்கப்பட்டது.’ தலைப்புக்கு ஏற்ற வரி இல்லைதான். ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது என்னிடம் வந்துகொண்டிருப்பவர்கள் இரண்டு பெண்கள், பார்மசி கடைசி வருடம். வேறொரு மருந்து, பேர் சொல்லக் கூடாது. முதல் நாள் நாற்பத்தொரு ஆவணம் கொண்டு வந்தார்கள். நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் உரிமைக் கோரிக்கையைத் துண்டு துண்டாக எழுதச் சொன்னேன், வலது பக்கம் ஒரே ஆவணத்திலிருந்து அதற்கு ஈடான வரிகளை எழுதச் சொன்னேன். வலது பக்கம் காலியாகக் கிடந்ததைப் பார்த்து ஒருத்திக்கு அழுகையே வந்துவிட்டது. போன வாரம் ஒரு பழைய ஜெர்மன் பேட்டன்டைக் கண்டுபிடித்து வந்திருக்கிறார்கள், ஆறாவது உதாரணம். ஏழு அம்சத்தில் ஆறு பொருந்துகிறது. உருகும் வெப்பநிலை மட்டும் இரண்டு டிகிரி தள்ளி நிற்கிறது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தெர்மாமீட்டரின் பிசகா, இல்லை வேறு படிகமே தானா என்று தெரிய வேண்டும். செய்து பார்க்க, அந்த மருந்து இதுவரை நுழையாத ஒரு லேப் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியலாளர் ஒருவர்,
குரோம்பேட்டை, சென்னை